உயரமான படி

“அந்தக் கையப் பிடிக்காத ஜுமா” என்று ரஷீது சொல்லி முடிப்பதற்குள் ஜுமானா பிடித்துவிட்டாள். வரப்பு ஒரு முழ அகலம்கூட இருக்காது. இடது பக்கம் முற்றிய நெல். வலது பக்கம் ஆள் உயரத்துக்குக் கீழே அடுத்த வயல், அதற்குக் கீழே இன்னொன்று, இப்படியே பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகிற ஆறு வரைக்கும் மஞ்சள் மஞ்சளாக இறங்கிப் போயிற்று. இரவு பெய்த மழையில் மண் சோப்புப் போட்ட தரை மாதிரி வழுக்கியது. வாடகைக்கு எடுத்த ரப்பர் பூட்ஸ் ஜுமானாவின் காலுக்கு ஒரு சைஸ் பெரிது. எதிரே நின்று கையை நீட்டியவள் ஒரு மலைக்காரப் பெண். கறுநீலச் சட்டை, முழங்கால் வரை பாவாடை, முதுகில் மூங்கில் கூடை. வயது முப்பதா ஐம்பதா என்று சொல்ல முடியாத முகம். காலையில் வியட்நாமின் சாப்பா ஊரில் ஹோட்டலை விட்டு இறங்கியதிலிருந்தே கூட ஒட்டிக்கொண்டு வருகிறாள். யாரும் கூப்பிடவில்லை. தன் பெயர் ஸுங் என்றாள், உன் பெயர் என்ன என்றாள், எத்தனை பிள்ளைகள் என்றாள். எல்லாம் சுற்றுலாக்காரர்களிடம் கற்றுக்கொண்ட இங்கிலீஷ். அதற்கப்புறம் பேச்சில்லாமல் நடந்தாள்.

“என்னவாம்?” என்றாள் ஜுமானா, அக்கரை சேர்ந்த பிறகு திரும்பிப் பார்த்து.

“அப்புறம் சொல்றேன். நீ என் கூட வா.”

“உங்க கூடயா? நீங்களே தத்தக்கா பித்தக்கான்னு வரீங்க மச்சான்.”

ரஷீது பேச்சை விட்டுவிட்டுக் கால் விரல்களால் மண்ணைக் கவ்வப் பார்த்தான். ரப்பர் பூட்ஸுக்குள் விரல் இருந்து என்ன பிரயோஜனம்? கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, உடம்பெல்லாம் கண்ணாக, ஒரு வழியாக வந்து சேர்ந்தான். ஸுங் அவனுக்கும் கை நீட்டினாள். அவன் பார்க்காதது போல வானத்தைப் பார்த்தான். வானத்தில் பனிமூட்டத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

அவனுக்கு அந்தக் கையைத் தெரியும். கொச்சி மட்டாஞ்சேரியில், ஜூ டவுன் தெரு வளைகிற இடத்தில் ரஷீதின் கடை இருக்கிறது. பித்தளை விளக்கு, பழைய மரப்பெட்டி, காஷ்மீர் என்று சொல்லி விற்கிற சால்வை, ஏலக்காய்ப் பொட்டலம் எல்லாம் கிடைக்கும். அத்தா காலத்தில் அது இஞ்சிக் கிடங்கு. காயல் தண்ணீர் ஏறி வந்தாலும் சரக்கு நனையக் கூடாது என்று தரையை நன்றாக உயர்த்திக் கட்டியிருந்தார்கள். தெருவிலிருந்து உள்ளே ஏற ஒரே ஒரு கருங்கல் படி, அதுவும் முழங்கால் உயரம். மற்ற கடைக்காரர்கள் எல்லோரும் என்றைக்கோ அரைப்படி வைத்து டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். ரஷீது மட்டும் தொடவில்லை. அவன் பிழைப்பே அந்தப் படியில்தான் இருந்தது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். படியைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்குவார்கள். அந்த நொடியில் ரஷீது உள்ளேயிருந்து கையை நீட்டுவான். “வெரி கேர்ஃபுல் மேடம். நோ ப்ராப்ளம். கம், கம்.” நீட்டிய கையைத் தட்டிவிட்டுப் போக யாருக்கும் மனசு வராது. பிடித்தவர் ஏறுவார். ஏறினவர் வெறுங்கையோடு இறங்க வெட்கப்படுவார். கடையில் நிற்கிற யூசுப்புக்கு அவன் முதல் நாள் கற்றுக்கொடுத்த பாடமே இதுதான்: சாமானைக் காட்டாதே, கையைக் காட்டு.

ஆகவே, எங்கேயோ ஒரு வியட்நாம் மலையில், தன் தொழிலைத் தன் பெண்டாட்டியிடமே ஒருத்தி நடத்துவதைப் பார்த்தபோது ரஷீதுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. எரிச்சலுக்குக் காரணம், ஜுமானா அந்தக் கையை வரப்பைத் தாண்டிய பிறகும் விடவில்லை. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் மாதிரி கைகோத்துக்கொண்டு முன்னால் போனார்கள். அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

இந்தப் பயணமே ஒரு பேரம்தான். ஜுமானாவுக்குத் தெரியாது என்று ரஷீது நினைத்துக்கொண்டிருந்தான்.

வீடு கடைக்கு மேலே. மாடிப்படி கடைக்குள்ளேயே இறங்கும். ஆக ஜுமானா வெளியே போனாலும் வந்தாலும் அந்தக் கருங்கல்லைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மீன், காய்கறி, காய்ச்சலடிக்கிற மகன் ஷமீலைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி, எல்லாம் அதில் ஏறி இறங்கித்தான். அந்த ஷமீல் இப்போது களமசேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். “ஒரு அரைப்படி வைங்க மச்சான்” என்று அவள் கேட்காத வருஷம் இல்லை. “சீசன் முடியட்டும்” என்று அவன் சொல்லாத வருஷமும் இல்லை.

போன டிசம்பரில் பெரிய கப்பல் வந்த ஒரு நாள், தெரு நிறைய தொப்பிக்காரர்கள். ரஷீது ஒரு பிரெஞ்சுக்கார அம்மாளுக்குக் கை கொடுத்து ஏற்றிக்கொண்டிருந்தான். அதே நேரம் படியின் ஓரமாக, இரண்டு கையிலும் பையோடு ஜுமானா ஏறினாள். காலை ஊன்றிய இடத்தில் ஈரமோ என்னமோ, அப்படியே பின்பக்கமாகத் தெருவில் விழுந்தாள். தக்காளி ஓடை வரைக்கும் உருண்டது. பிரெஞ்சுக்காரி “ஓ!” என்று கத்தினாள். ரஷீது அந்தக் கையை விடவில்லை. “நோ ப்ராப்ளம் மேடம், மை வைஃப், ஷி இஸ் ஓகே, கம், கம்” என்று உள்ளே இழுத்தான். யூசுப் இறங்கி ஓடிப்போய்த் தூக்கினான். பிரெஞ்சுக்காரி ஒரு குத்துவிளக்கு வாங்கினாள். அன்று மத்தியானமே ஜுமானாவை டாக்டரிடம் அழைத்துப் போனான், ஸ்கேன் எடுத்தான், முழங்காலுக்கு உறை வாங்கிக் கொடுத்தான். செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்தாயிற்று என்றுதான் ரஷீது இன்றுவரை எண்ணியிருந்தான்.

ஜுமானா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெருநாள் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை, சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்: “மரியம் அக்கா பாலக்காட்டுல ஒத்தையா கல்யாண ஆர்டர் எடுத்துச் சமைக்குறா. நான் அங்க போறேன்.”

“போயிட்டு வா. எத்தன நாளைக்கு?”

“போறேன்னு சொன்னேன்.”

அந்த ‘போறேன்’னில் திரும்பி வருகிற பேச்சே இல்லை. அவனுக்கு அவளில்லாத மாடியை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. விற்கிற வாய்க்கு இதற்கு மட்டும் வார்த்தை வரவில்லை. அவன் கையை நீட்டவே தெரிந்தவன். பக்கத்து டிராவல்ஸ்காரர் கோவிந்த்தான் யோசனை சொன்னார். “ரஷீதிக்கா, சேச்சிய வியட்நாம் கொண்டுபோ. நம்ம நெடும்பாசேரில பிளைட் ஏறினா அங்க இறங்கலாம். வயல் பார்த்து, மலை பார்த்து, மனசு மாறும்.” படங்களை வாங்கிக்கொண்டு மாடி ஏறினான். ஜுமானா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, அடுக்கு வயல்களுக்கு நடுவே ஒரு மர வீடு இருந்த படத்தில் நின்றாள்.

“இங்க உள்ளவங்க வீட்டுக்குள்ள நம்மளக் கூப்பிடுவாங்களா?”

“பின்னே! அதுதானே டூரே.”

“சரி, போலாம். பாலக்காட்டுக் காரியம் வந்து சொல்றேன்.”

வந்து சொல்றேன் என்றாளே, அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இவ்வளவு தூரம் வந்திருந்தான். வந்த இடத்தில் அவனுக்கு நிலைகொள்ளவில்லை. விமானத்தில் தூங்கவில்லை. ஹனோயிலிருந்து வந்த படுக்கை பஸ்ஸில் புரண்டு புரண்டு படுத்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினால் என்ன நினைக்கிறாள் என்று யோசித்தான். அவள் நூடுல்ஸ் நன்றாக இருக்கிறது என்றால் கணக்கில் ஒரு புள்ளி ஏறியதாக நினைத்தான். ஒரு வாடிக்கையாளர் கடைக்குள் சுற்றி வரும்போது பின்னாலேயே நின்று எதைத் தொடுகிறார், எதைத் திரும்பப் பார்க்கிறார் என்று கவனிப்பானே, அதே வேலைதான். இவ்வளவு பெரிய பள்ளத்தாக்கு கண் முன்னே கிடந்தும் அவனுக்கு அவளுடைய முதுகுதான் தெரிந்தது.

வழிகாட்டி நான்கைந்து ஜெர்மன்காரர்களோடு வெகு முன்னால் போய்விட்டார். கீழே ஒரு வயலில் அறுவடை நடந்தது. பெரிய மரத்தொட்டிக்குள் கதிர்க்கட்டை ஓங்கி ஓங்கி அடித்தார்கள். அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எருமை ஒன்று வழியை மறித்து நின்று இவர்களை மேலும் கீழும் பார்த்தது. ஸுங் நடந்துகொண்டே ஓரத்துப் புல்லைக் கிள்ளி, பார்க்காமலேயே விரலால் முடைந்து, ஒரு குதிரை செய்து ஜுமானாவிடம் கொடுத்தாள். ரஷீது மனசுக்குள் தலையாட்டினான். அவன் கடையில் முதலில் கொடுப்பது ஒரு ஏலக்காய். வாயில் போட்டுக்கச் சொல்வான், காசு இல்லை என்பான். கெட்டிக்காரி, கூடையின் வாயை இன்னும் திறக்கவில்லை. திறந்தால் காரியம் கெட்டது. அந்த மலையில் அவளைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் தான்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

முதல் கிராமம் பத்துப் பன்னிரண்டு மர வீடுகள். சேற்றில் வாத்துகள், கொடியில் நீலத்துணிகள், கூரை விளிம்பில் கட்டித் தொங்கவிட்ட மக்காச்சோளம். ஜெர்மன்காரர்கள் ஏற்கனவே வேலையை ஆரம்பித்திருந்தார்கள். வாசலில் ஒருத்தி பீப்பாய்க்குள் துணியை முக்கி முக்கி எடுத்தாள், முழங்கை வரை நீலம். அவளைச் சுற்றிக் கேமராக்கள். உள்ளே அடுப்படியில் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தவளையும் ஒருவர் குனிந்து நின்று படம் எடுத்தார். அவள் நிமிரவே இல்லை. குழந்தை மட்டும் கேமராவைப் பார்த்து வாயைத் திறக்க மறந்தது.

ரஷீதும் போனை எடுத்தான். “ஜுமா, அந்தத் துணி பக்கத்துல நில்லு.”

ஜுமானா நிற்கவில்லை. தன் போனையும் பைக்குள் போட்டாள். “நம்ம வீட்டு மாடியில நான் துணி காயப்போடறப்போ கீழருந்து எடுப்பாங்கல்ல, அது இப்படித்தான் இருக்கும் போல” என்றாள். “என் படம் எத்தன ஊர்ல கெடக்கோ.”

“அது சாரமில்ல, விடு ஜுமா. அவங்களுக்கு ஒரு சந்தோஷம்.”

அவள் வாசலில் குவித்திருந்த மக்காச்சோளத்தின் பக்கத்தில் போய், முழங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தாள். அங்கே இரண்டு பெண்கள் மட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். இவளும் ஒன்றை எடுத்து உரித்தாள். அவர்கள் ஏதோ சொன்னார்கள். இவள் தமிழில் ஏதோ சொன்னாள். “நல்ல முத்தின கதிரு, எங்க ஊர்ல இப்படிக் கெடைக்காது.” எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜெர்மன்காரர்களில் ஒருத்தர் முக்காடு போட்ட ஜுமானாவையும் அந்த ஊர்க்காரி என்று எண்ணிக்கொண்டு இரண்டு மூன்று படம் எடுத்துவிட்டு, தலை வணங்கி நன்றி சொல்லிப் போனார். ரஷீது ஓடிப்போய் அது என் மனைவி, நாங்கள் கொச்சிக்காரர்கள் என்று சொல்லப் பார்த்தான். ஜுமானா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரஷீதுக்கு மட்டும் அங்கே உட்கார இடம் இல்லை. வாசலுக்கும் வேலிக்கும் நடந்தான். டவர் கிடைக்கிறதா என்று போனைத் தூக்கிப் பார்த்தான். யூசுப் கடையைத் திறந்திருப்பானா என்று கவலைப்பட்டான். எதற்கு இப்படி அலைகிறோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு இரண்டாவது கிராமத்தில், ஆற்றங்கரையில் ஒரு கொட்டகையில். இவர்கள் சோறும் கீரையும் முட்டையும் போதும் என்றார்கள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினதுதான் தாமதம், ஸுங் வந்து எதிரே குந்தினாள். கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். ரஷீது காலையிலிருந்து இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான். ஜுமானாவின் முழங்கையை இடித்தான்.

“இப்பப் பாரு.”

கூடையிலிருந்து பைகள் வந்தன, இடுப்புக் கச்சைகள் வந்தன, நீலச் சணல் துணி ஒன்று மடி மடியாக விரிந்தது. “யூ பை ஃப்ரம் மீ?” என்றாள் ஸுங். காலையிலிருந்த முகம் மாறி, கெஞ்சலும் கண்டிப்புமாக வேறொரு முகம் வந்திருந்தது. அதையும் ரஷீதுக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறான்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்து பேரத்துக்குத் தயாரானான். துணியை விரலால் தேய்த்தான், உதட்டைப் பிதுக்கினான், எழுந்து இரண்டடி நடந்து போவது போலப் போனான். ஸுங் அவன் முதுகைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவளும் அவனைக் கண்டுகொண்டாள் போலிருக்கிறது. அவன் திரும்புவதற்குள் ஜுமானா கேட்ட விலையைக் கொடுத்துத் துணியை வாங்கி மடியில் வைத்திருந்தாள். ஸுங் கூடையைத் தோளில் மாட்டினாள். ஜுமானாவின் கன்னத்தை ஒரு தரம் தொட்டாள். “பை பை” என்றாள். ஊர்ப் பக்கமாகப் போகிற ஒரு மோட்டார் பைக்கின் பின்னால் ஏறிப் போய்விட்டாள்.

“கண்டியா?” என்றான் ரஷீது. காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது திறந்துகொண்டது. “யாவாரம் முடிஞ்சுது, ஆளு போயாச்சு. அந்தக் கை, அந்தப் புல்லுக்குதிரை, எல்லாம் கச்சவடம் ஜுமா, யாவாரத் தந்திரம். நான் அப்பவே சொன்னேன்ல?”

“எனக்குத் தெரியாதா மச்சான்? யாவாரிக்கு வாக்கப்பட்டுத்தானே இருக்கேன்.” ஜுமானா துணியை மடித்துப் பையில் வைத்தாள். “வழுக்குறப்போ பிடிச்சா. அந்தப் பிடி நல்ல பிடிதான். அது போதும் எனக்கு.”

“காசுக்குப் பிடிச்சது.”

“ஆமா. காசுக்குன்னாலும் பிடிச்சா.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ரஷீது ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். வழிகாட்டி விசில் அடித்துக் கூப்பிட்டார்.

கடைசி இறக்கம்தான் மோசமானது. ரோட்டில் வேன் காத்திருந்தது, மேலிருந்தே தெரிந்தது. நடுவில் ஒரு மூங்கில் தோப்பு, அதற்குள் செம்மண் சரிவு, ஆயிரம் பேர் வழுக்கின தடம். ஜெர்மன்காரர்களைத் தாங்கிக்கொண்டு வந்த மலைக்காரப் பெண்களும் விற்க வேண்டியதை விற்றுவிட்டுப் போய்விட்டிருந்தார்கள். இனி அவரவர் கால்தான். ரஷீது முதலில் இறங்கினான். மூங்கிலைப் பிடித்து, அடுத்த மூங்கிலைப் பிடித்து, பாதி தூரம் வந்து ஒரு வேரில் காலை முட்டுக்கொடுத்து நின்று திரும்பிப் பார்த்தான். ஜுமானா மேலே நின்றாள். முழங்கால் உறை பேண்ட்டுக்கு மேலேயே தெரிந்தது. அவள் காலை எடுத்து வைத்தாள், பூட்ஸ் சறுக்கியது, காலை இழுத்துக்கொண்டாள். முகத்தில் பயம் இருந்தது. இப்போதாவது, என்று ரஷீது நினைத்தான். கையை நன்றாக நீட்டினான்.

“வெரி கேர்ஃபுல் மேடம்” என்றது அவன் வாய். “நோ ப்ராப்ளம். கம், கம்.”

சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. இத்தனை வருஷப் பழக்கம், கை நீண்டதும் நாக்கு தானாகப் புரண்டுவிட்டது. ஜுமானா அவன் கையைப் பார்த்தாள். அவள் பார்த்த விதத்தில் ரஷீதுக்குத் தெரு தெரிந்தது, உருண்டு போகிற தக்காளி தெரிந்தது, தன் கைக்குள் இருந்த மெலிந்த வெள்ளைக் கை தெரிந்தது. அந்தப் படியில் ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேருக்குக் கொடுத்த கையை, மீன் பையோடு ஏறுகிறவளுக்கு ஒரு நாள்கூடக் கொடுத்ததில்லை. மறந்துபோய்க்கூடக் கொடுத்ததில்லை. அவள் ஒன்றும் வாங்க வருகிறவள் இல்லையே.

“ஜுமா, நான்...” என்று ஆரம்பித்தான்.

ஜுமானா சரிவில் உட்கார்ந்தாள். சேற்றில், நல்ல துணியோடு, பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு. அப்படியே சறுக்கிக்கொண்டு அவன் கையைத் தாண்டி, அவனையும் தாண்டி, கீழே போய்ச் சேர்ந்தாள். ஜெர்மன்காரர்கள் கை தட்டினார்கள். அவள் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். ரஷீது மேலே, வேரில் காலை வைத்துக்கொண்டு, நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பிறகு அதே கையால் மூங்கிலைப் பிடித்தான்.

ஊருக்கு வந்த பிறகு ஜுமானா பாலக்காட்டைப் பற்றிப் பேசவில்லை. ரஷீதும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். அவள் வழக்கம் போலச் சமைத்தாள், ஷமீலிடம் போனில் பேசினாள், மாடியில் துணி காயப்போட்டாள். சணல் துணியை ஊறவைத்துத் துவைத்தபோது நீலம் கழன்று, இரண்டு உள்ளங்கையிலும் ஏறிக்கொண்டது. எலுமிச்சை போட்டுத் தேய்த்துப் பாருங்க என்று யூசுப் சொன்னான். போறப்போ போகட்டும் என்றாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் ரஷீதுக்கு ஒரு வார்த்தை வாய்க்குள் வந்து நின்றது. அது கடை வார்த்தையா வீட்டு வார்த்தையா என்று அவனே சந்தேகப்பட்டு விழுங்கிவிட்டான். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை, கடையில் நின்றால் கால் தரிக்கவில்லை. சாயா குடிக்கப் போய்க் குடிக்காமல் திரும்பி வந்தான். சீசன் தொடங்குகிற நேரம். முதல் நாள் ஒரு அமெரிக்கத் தம்பதி படியில் தயங்கியபோது அவன் கை எழவில்லை. அவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். யூசுப் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஒரு காலை, பின்கட்டில் புதிதாக வந்த சால்வைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் கொத்துக்கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. யூசுப் இன்னும் வந்திருக்கவில்லை. ரஷீது முன்பக்கம் வந்து பார்த்தான். கருங்கல்லுக்கு முன்னால், தெருவில், நான்கு பலகை அடித்து, ஈரச் சிமெண்டை மட்டக்கட்டையால் இழுத்துக்கொண்டிருந்தான் அழகர். ராமநாதபுரத்துக்காரன், பக்கத்துச் சந்தில் வீடு பழுது பார்க்க வந்திருக்கிற கொத்தனார். கருங்கல்லின் மேலேயும் ஒரு பூச்சுப் போட்டிருந்தான். அகலமான, தாராளமான அரைப்படி.

“பாய், மிதிச்சிராதீங்க! சாயங்காலம் வரைக்கும் கால் வைக்கக் கூடாது. அக்காதான் போடச் சொன்னாங்க.”

அக்கா தெருவில் நின்றாள். பச்சைச் சேலை, முக்காடு, தோளில் பை, காலடியில் வியட்நாமுக்குக் கொண்டுபோன பெட்டி. சிமெண்டைக் கொட்டுவதற்கு முன்பே இறங்கியிருக்கிறாள். எப்போது பெட்டி கட்டினாள், எப்போது அதை இறக்கினாள், ஒன்றும் அவனுக்குத் தெரியாது.

“மரியம் அக்கா நாளைக்கு ஒரு கல்யாணத்துக்கு நெய்ச்சோறு போடுறா” என்றாள். “எர்ணாகுளம் போய் வண்டி ஏறணும்.”

“இப்பவேயா?”

“இப்பத்தான். சோறு வடிச்சு வெச்சிருக்கேன். மீன் ஃபிரிட்ஜ்ல இருக்கு.” சிமெண்டைப் பார்த்தாள். “இனிமே யாரும் விழ மாட்டாங்க.”

ரஷீது விளிம்பு வரை வந்து நின்றான். அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஈரச் சிமெண்ட், ஒரு நல்ல எட்டு தூரம். ஜுமா, போகாத, நீ இல்லாம எனக்கு மாடி ஏறத் தெரியாது என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். “ஜுமா” என்றான். அதற்கு மேல் இந்த முறையும் ஒன்றும் வரவில்லை. ஆனால் இந்த முறை அவன் அதை வேறு எந்தச் சொல்லாலும் மூடவில்லை. கண் நிறைந்தது. அழகர் மரியாதையாகக் குனிந்து பலகையின் ஓரத்தைச் சரிபண்ணினான்.

தெரு முனையில் குடை பிடித்த வழிகாட்டி ஒருவர் திரும்பினார். பின்னால் ஒரு பெரிய கூட்டம், தொப்பியும் கேமராவுமாக, இந்தச் சீசனின் முதல் கப்பல் கூட்டம். கடை திறந்து கிடந்தது. விளக்குகள் மேஜை மேல், சால்வைகள் பாதி பிரித்தபடி, பணப்பெட்டி பூட்டாமல். கூட்டம் பேசிக்கொண்டே இந்தப் பக்கமாக வந்தது.

ஜுமானா அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ரஷீதைப் பார்த்தாள். பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு, பலகையின் ஓரமாகக் காலை ஊன்றி, கையை நீட்டினாள்.

“பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வரீங்களா மச்சான்?”

கையைப் பிடித்தவர் எந்தப் பக்கம் போவார் என்று ரஷீதுக்கு நன்றாகத் தெரியும். முன்னால் வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கடை வாசலில் நின்று, ஈரப்படியைப் பார்த்தார், உள்ளே நிற்கிற ரஷீதைப் பார்த்தார், “ஓப்பன்?” என்று கேட்டார். ரஷீது செருப்பைக் கழற்றினான். ஈரச் சிமெண்டுக்கு மேலே, அவனை நோக்கி, அந்தக் கை நீண்டு நின்றது. உள்ளங்கை ரேகைகளில் மட்டும் நீலம் இன்னும் போகாமல் இருந்தது.